பள்ளத்தில் நின்ற யானை

"பார்த்தாச்சுன்னு சீல் குத்தறதுக்கு முன்னாடி அந்தப் பம்பு உன்னைப் பார்த்து..." என்று என் பெரியப்பா ஆரம்பிப்பார். அதற்கு மேல் என்ன சொல்வார் என்பது மறந்துவிட்டது. கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்புசெட் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். பம்பு சிரிக்குமா, கேட்குமா, என்னவோ ஒன்று சொல்லுவார். இரண்டு நாளாக யோசிக்கிறேன், வரவில்லை. விடுங்கள்.

நீங்கள் கேட்டது வேறு. பழைய மேக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், அதில் கேமுக்கான கட்டளைகளை, ஸ்கிரிப்டை, எழுதிப் பழகப் போகிறீர்கள், அதை எழுதுகிற செயலியாக எந்த எடிட்டர் போட்டுக்கொள்வது என்று கேட்டீர்கள். என் மடியில் மேக்கைப் பார்த்ததும் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஒரு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ரயில் பீளமேடு தாண்டுவதற்குள் பதில் சொல்லியிருப்பேன். பேரைச் சொல்லி, எழுதிக்கொள்ளுங்கள் என்றிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். உங்களுக்கும் சென்னை வரைக்கும் வேலை இல்லை.

என் பெயர் தெய்வசிகாமணி. அமெரிக்காவில் டேவ். இருபத்தோரு வருஷம் டேவாக இருந்துவிட்டுப் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கோயம்புத்தூருக்குத் திரும்பி வந்தேன். ஏன் வந்தாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கு நான் சொல்லும் காரணம் ஆளுக்கு ஆள் மாறுகிறது, அதனால் அதையும் விடுங்கள். வந்த நாலாவது மாசம் ரேணுகாவின் ஸ்டுடியோவில் தொழில்நுட்பத் தலைவராகச் சேர்ந்தேன். ஸ்டுடியோ என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். கீழே கிரைண்டர் ஷோரூம், மேலே நாங்கள். ரேணுகா முதலாளி. இம்தியாஸ் சத்தம் பதிவு செய்கிறவன். யசோதா ஸ்கிரிப்ட் எழுதுகிறவள். அப்புறம் நான். நாலு பேர்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது காதால் ஆடுகிற கேம். திரையில் ஒன்றும் இருக்காது. நீங்கள் வால்பாறை மலையில் வேன் ஓட்டுகிறீர்கள், மூடுபனி, எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாது. இயர்போனை மாட்டிக்கொண்டு, சத்தத்தை வைத்தே நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்க வேண்டும். டயர் சரளையில் ஏறுகிற சத்தம், எதிரே பஸ் ஹார்ன், ஓடைத் தண்ணீர். பக்கத்தில் ஒரு கிளீனர் உட்கார்ந்துகொண்டு "அண்ணா, இடப்பக்கம் பள்ளம்" என்பான். அது இம்தியாஸ் குரல்தான். கண் தெரிகிறவர்களும் ஆடலாம், தெரியாதவர்களும் ஆடலாம். தெரியாதவர்கள்தான் ஜெயிப்பார்கள்.

யசோதாவுக்குப் பார்வை கிடையாது. பிறந்ததிலிருந்தே. அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்கிற விஷயங்களில் முதலில் சொல்ல வேண்டியது எப்போதும் நடுவில்தான் வருகிறது.

உடுமலைப்பேட்டைக்காரப் பெண். முப்பது வயது. ஒரு பேங்கில் நிரந்தர வேலையில் இருந்தவள். அதை விட்டுவிட்டு, கேம் செய்ய வேண்டும் என்று வந்துவிட்டாள். அவள் அப்பா எட்டு மாசம் பேசவில்லையாம். ஆறு மாசம் தகுதிகாண் காலம், அதற்குப் பிறகுதான் வேலை உறுதி என்று ரேணுகா சொல்லித்தான் சேர்த்திருந்தாள். வளைவுகளின் ஸ்கிரிப்டையெல்லாம் யசோதாதான் எழுதினாள். எந்தச் சத்தம் எந்தப் பக்கம், எத்தனை நொடி கழித்து, எவ்வளவு தூரத்திலிருந்து. அவள் எழுதின வளைவில் வேனை ஓட்டினால் உள்ளங்கை வேர்க்கும். எனக்கு வேர்த்திருக்கிறது.

அவள் சேர்ந்து மூன்றாவது வாரம் நாலு மேக் வந்தது. கேமுக்கு உதவி செய்கிற ஒரு வெளிநாட்டு அமைப்பு அனுப்பியது. அதுவரை எல்லாரும் பழைய விண்டோஸ் பெட்டிகளில் ஆளுக்கொரு எடிட்டர் வைத்திருந்தார்கள். ரேணுகா சொன்னாள், இனிமேல் எல்லாரும் ஒரே எடிட்டர், யார் மெஷினில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், எது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். என்னிடம் சொன்னாள்.

நான் முறையாகத்தான் செய்தேன். கெட்ட எண்ணம் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நாலு எடிட்டர் எடுத்துக்கொண்டேன். ஒரு அட்டவணை போட்டேன். ஏழு கட்டம். திறக்க எத்தனை நொடி, மெமரி எவ்வளவு தின்கிறது, நம் ஸ்கிரிப்ட் மொழியைப் புரிந்துகொள்கிறதா, பாதி எழுதினால் மீதியை எடுத்துக் கொடுக்கிறதா, பிழையைக் கோடு போட்டுக் காட்டுகிறதா, கீபோர்டு குறுக்குவிசைகள், விலை. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க். கூட்டிப் பார்த்ததில் ஒன்று முதலில் வந்தது.

அது முதலில் வரும் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். பதினோரு வருஷம் அங்கே அதில்தான் எழுதினேன். என் விரல் அதற்குப் பழகியது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது. அந்த எடிட்டரில் ஒரு சின்னப் பிழையை ஒரு தடவை நான் திருத்திக் கொடுத்தேன். அதற்காக அதன் நன்றிப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. முந்நூற்றுப் பதினாலாவது பெயர். மெனுவில் மூன்று தடவை சொடுக்கினால் வரும். இம்தியாஸுக்குக் காட்டினேன். ரேணுகாவுக்கும் காட்டினேன். பேர் வேண்டாம், எடிட்டர் பேரைச் சொல்லவில்லை. அதன் மேல் தப்பு ஒன்றும் இல்லை.

அட்டவணையைச் சுவரில் காட்டிப் பேசினேன். எல்லாரும் கேட்டார்கள். முடிந்ததும் யசோதா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மேக்கில் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற குரல் இருக்கிறதே, அது இந்த எடிட்டருக்குள் சரியாகப் படிக்கிறதா, பார்த்தீர்களா என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள், புதிதாகச் சேர்ந்தவள்.

ஏழு கட்டத்தில் அதற்குக் கட்டம் இல்லை. நான் பார்க்கவில்லை. மேக்கில் எல்லாவற்றுக்கும் அது இருக்கும் என்று எங்கேயோ படித்தது மட்டும் ஞாபகம். ஒரு வினாடிதான். ரேணுகா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இம்தியாஸ் பார்த்துக்கொண்டிருந்தான். "அதெல்லாம் பார்த்தாச்சு" என்றேன்.

"சரிங்க சார்" என்றாள்.

அவ்வளவுதான். முதல் பாதி இதுதான். அதற்கு அப்புறம் நடந்ததற்கெல்லாம் ஆயிரம் காரணம் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறேன்.

இனி இரண்டாவது பாதி. எட்டாவது வரைக்கும் நான் தமிழ் மீடியம், அப்புறம் இங்கிலீஷ் மீடியம். இரண்டிலும் படித்தவனுக்கு ஒரு வியாதி வரும். வெளிநாட்டில் இருக்கும்போது இங்கிலீஷ் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தவிப்பான், திரும்பி வந்ததும் தமிழ் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தவிப்பான். ஸ்கிரிப்டுக்கு நடுவே மனுஷர்கள் படிப்பதற்காகக் குறிப்பு எழுதுவார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும், கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. அந்தக் குறிப்பையெல்லாம் இனித் தமிழில்தான் எழுத வேண்டும் என்று நான் ஒரு விதி போட்டேன். இம்தியாஸ் சிரித்தான். "அண்ணா, எனக்கு 'ற'வே எங்க இருக்குன்னு தெரியாதுண்ணா" என்றான். பழகிக்கொள் என்றேன். நானே முன்மாதிரியாக நீள நீளமாக எழுதினேன். நன்றாகத்தான் இருக்கும். எனக்குப் பிடிக்கும்.

இரண்டு மாசம் போனது. யசோதா வேலை சுணங்கிப்போயிருந்தது. வாரம் நாலு வளைவு முடிக்கிறவள் ஒன்று முடிக்கத் திணறினாள். நான் கேட்டால் "ஆயிருங்க சார்" என்பாள். இன்னொன்று, நான் எழுதி வைக்கிற குறிப்பை அவள் மதிப்பதே இல்லை. இந்த எண்ணை மாற்றாதே என்று தெளிவாக எழுதியிருப்பேன், மறுநாள் மாற்றியிருப்பாள். கோபம் வராதா? உங்களுக்கு வராதா? பேங்க் உத்தியோகத் திமிர் என்று நினைத்தேன். நினைத்தது மட்டும் இல்லை, ரேணுகாவிடம் சொன்னேன்.

அவள் சேர்ந்த ஆறாவது மாசம் பொள்ளாச்சியில் ஒரு கூட்டம். பார்வையற்ற ஆசிரியர்கள் ஒரு அறுபது பேர் வந்தார்கள். உதவி செய்கிற அமைப்பிலிருந்து இரண்டு பேர். அவர்கள் முன்னால் இருபத்தேழாவது வளைவை ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த வளைவில் இடது பக்கம் பள்ளம். பள்ளத்துக்குச் சத்தம் கிடையாது, கிளீனர் வாயால் சொல்லுவான். வலது பக்கம் மலை, மலையோரம் யானை நிற்கும். அதன் மூச்சு வலது பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். அது நகர்கிற வரைக்கும் வேனை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். மொத்த கேமிலும் அதுதான் நல்ல இடம். யசோதா எழுதியது.

முந்தின நாள் போய்க் கூடத்தைப் பார்த்தேன். அங்கே ஸ்பீக்கர் இடம் வலம் மாறிக் கட்டியிருந்தது. நான் உடனே ஸ்கிரிப்டைத் திறந்து இருபத்தேழாவது வளைவில் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிவிட்டேன். மாற்றின இடத்துக்கு மேலே பதினோரு வரியில் தமிழில் குறிப்பு எழுதினேன். கூடத்தில் ஒலிபெருக்கிகள் இடம் மாறி அமைந்துள்ள காரணத்தால் இம்மாற்றம் செய்யப்பட்டுள்ளது, நாளைய நிகழ்ச்சி முடியும் வரை யாரும் கைவைக்க வேண்டாம், இப்படி. இரண்டு ஒயரைப் பிடுங்கி மாற்றிக் குத்தியிருந்தால் முடிந்திருக்கும் என்று இம்தியாஸ் அப்புறம் சொன்னான். அது வேறு விஷயம்.

அன்றைக்குச் சாயங்காலம் யசோதா கடைசியாக ஒரு தடவை சரிபார்த்திருக்கிறாள். யானை தப்பான பக்கம் நிற்கிறது. யாரோ கை தவறிவிட்டது என்று நினைத்து, திருத்திவிட்டாள். நீங்கள் அந்த இடத்தில் இருந்தாலும் திருத்தியிருப்பீர்கள்.

மறுநாள் கூடத்தில் அறுபது பேரும் அமைதியாக உட்கார்ந்து கேட்கிறார்கள். கிளீனர் "அண்ணா, இடப்பக்கம் பள்ளம், பாத்து" என்கிறான். அடுத்த நொடி இடப்பக்கத்திலிருந்து யானை மூச்சு விடுகிறது. முதல் வரிசையில் ஒரு பெரியவர், ரிட்டயர்டான கணக்கு வாத்தியார், நிதானமாகக் கேட்டார்: "ஏனுங்க, உங்க யானை பள்ளத்துல நிக்குதுங்களே, கயிறு கட்டித் தொங்கவுட்டிருக்கீங்களா?"

கூடமே சிரித்தது. அறுபது பேர். நல்ல மனுஷர்கள், கெட்ட சிரிப்பு இல்லை. அதற்கு மேல் என்ன வந்தாலும் சிரிப்புதான். பஸ் ஹார்ன் வந்தாலும் "இது கிணத்துக்குள்ளிருந்து வருதா?" என்று ஒருவர். உதவி அமைப்பின் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் நான் யசோதாவைப் பிடித்துக்கொண்டேன். ரேணுகா இருந்தாள், இம்தியாஸ் இருந்தான், கூட்டம் நடத்திய ஆசிரியர் சங்கத்து ஆட்கள் இருந்தார்கள். நான் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாக, இங்கிலீஷ் கலக்காத தமிழில் கேட்டேன்.

"மேலே பதினோரு வரி எழுதி வெச்சிருக்கேன். படிக்கலையா?"

அவள் தன் கைப்பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இல்லைங்க சார். படிக்கலைங்க" என்றாள்.

யாரைப் பார்த்து எதைக் கேட்டேன் என்று எனக்கு உறைக்கவே இல்லை. இம்தியாஸ் தலையைக் குனிந்துகொண்டு ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே அவளுடைய ஆறு மாச மதிப்பீட்டுப் படிவம் என் மேசைக்கு வந்தது. ஒரு தாள், அச்சடித்தது. என் கையாலேயே எழுதினேன். வேகம் போதாது. எழுதி வைத்த குறிப்புகளைப் படிப்பதில்லை. மற்றவர் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. பணியில் உறுதி செய்யப் பரிந்துரைக்கவில்லை. கீழே கையெழுத்து. வெள்ளிக்கிழமை ரேணுகாவிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு மடித்து டிராயருக்குள் வைத்தாள். திங்கட்கிழமை நானே யசோதாகிட்டச் சொல்றேன் என்றாள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு ஃபைல் எடுப்பதற்காக ஆபீஸ் போனேன். என் மேக் பேட்டரி மாற்றப் போயிருந்தது. யார் மெஷினில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், விதி இருக்கிறதே, யசோதா மெஷினில் உட்கார்ந்தேன். அவள் பை நாற்காலியில் தொங்கியது, ஆளைக் காணோம். திரை கறுப்பு. அணைந்திருக்கிறது என்று நினைத்தேன். அணையவில்லை, வெளிச்சத்தைப் பூஜ்யத்தில் வைத்திருக்கிறாள். அவளுக்கு எதற்கு வெளிச்சம்? ஆறு மாசமாக அவள் என்ன செய்கிறாள் என்று எங்கள் யாருக்குமே தெரியாததற்கு அதுதான் காரணம்.

இயர்போன் மேசையில் கிடந்தது. அதிலிருந்து சில்வண்டு மாதிரி ஒரு சத்தம். எடுத்துக் காதில் வைத்தேன். குரல் அவ்வளவு வேகமாகப் படிக்கிறது, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. திரை வெளிச்சத்தைக் கூட்டி, தடவித் தடவிக் குரலின் வேகத்தைக் குறைத்தேன். என் எடிட்டரைத் திறந்தேன். குரல் எடிட்டரின் பெயரைச் சொன்னது. அப்புறம் "காலி" என்றது. கீழே போனேன், "காலி". மேலே போனேன், "காலி". திரை முழுக்க முந்நூறு வரி ஸ்கிரிப்ட் இருக்கிறது, குரல் காலி என்கிறது.

எனக்குக் காரணம் புரிய ஐந்து நிமிஷம் ஆகவில்லை. வெட்கக்கேடு அதுதான். அந்த எடிட்டர் எழுத்துகளை மேக்கிடம் கொடுக்காமல் திரையில் தானே வரைந்துகொள்ளும். அதனால்தான் அவ்வளவு வேகம். என் அட்டவணையில் அதற்குத்தான் பத்துக்குப் பத்து போட்டேன். வரைந்தது படம். படத்தைக் குரல் எப்படிப் படிக்கும்?

அப்படியானால் அவள் எதில் வேலை செய்தாள்? பின்னால் இன்னொரு ஜன்னல் திறந்திருந்தது. மேக்கோடு வருகிறதே, கடிதம் எழுதுகிற சாதாரணச் செயலி, அது. ஸ்கிரிப்டை அதில் கொண்டுவந்து ஒட்டி, காதால் கேட்டு, எழுதி, திரும்ப என் எடிட்டருக்குள் கண்மூடித்தனமாக ஒட்டியிருக்கிறாள். பிழையைக் காட்டக் கோடு இல்லை, எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. இத்தனை வளைவும் அப்படித்தான் எழுதியிருக்கிறாள்.

அதில் இருபத்தேழாவது வளைவைத் திறந்து கேட்டுக்கொண்டே வந்தேன். இங்கிலீஷ் குரல் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தது. என் பதினோரு வரிக் குறிப்பு வந்தது. குரல் நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம். அப்புறம் பன்னிரண்டாவது வரியைப் படித்தது. தமிழ் எழுத்து அந்தக் குரலுக்குத் தெரியவே இல்லை. இருந்த அடையாளமும் இல்லாமல் தாண்டிப் போய்விட்டது. நான் திரும்பத் திரும்ப மேலே போய்க் கேட்டேன். நாலு தடவை கேட்டேன். நான் எழுதினதெல்லாம் அந்த ஒரு மூச்சுதான்.

அப்போது கதவு திறந்தது. யசோதா வந்தாள். நாற்காலியைத் தொட வந்த கை என் தோளில் பட்டு நின்றது. "யாருங்க?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் கையை எடுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். "யாருங்க?" என்று மறுபடியும் கேட்டாள், குரல் மாறிவிட்டது. கீழே ஷோரூமில் யாருக்கோ கிரைண்டரை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் டீ டம்ளர்களோடு வந்த இம்தியாஸ்தான், "அண்ணாதான் யசோதா" என்றான். என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

எனக்கு உடனே கேள்வி கேட்கத்தான் தோன்றியது, பாருங்கள். மன்னிப்பு தோன்றவில்லை. "இதுல குரல் வேலை செய்யலைன்னு ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"நீங்க பார்த்தாச்சுன்னு சொன்னீங்களே சார்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் இன்றைக்கு இவ்வளவு பேச வேண்டியிருக்காது. "நீங்க பார்த்துட்டீங்க, அப்ப எனக்குத்தான் தெரியலைன்னு நெனச்சேன். ஏதோ ஒரு கீயை அமுக்கினா பேசும்போலன்னு ஒண்ணரை மாசம் ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்தேன். அப்பறம் உங்ககிட்டக் கேக்க வெக்கமாப் போச்சுங்க."

"வேற யார்கிட்டயாவது..."

"பேங்க்ல எனக்கு ஒரு பேரு இருந்துச்சுங்க சார். யசோதா வந்தா அவளுக்காக எல்லாத்தையும் மாத்தணும்னு. இங்க அந்தப் பேரு வேண்டாம்னு இருந்தேன்."

இம்தியாஸ் டீயை நீட்டினான். நான் வாங்கிக் குடித்தேன்.

இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்குக் கஷ்டம். இதுவரை சொன்னது தவறு. தவறு யாருக்கும் வரும். கேளுங்கள்.

அன்றைக்கே ரேணுகாவுக்குப் போன் செய்தேன். அந்த எடிட்டரில் குரல் வசதி வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்தேன், யசோதா சுணங்கியதற்கு அதுதான் காரணம், படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். எல்லாம் உண்மை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. "கண்டுபிடித்தேன்" என்றேன், பாருங்கள். ரேணுகா "நல்லவேளைங்க, திங்கக்கிழமை நான் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்" என்றாள். முதல் நாளே நான் பார்த்துவிட்டேன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள், நடுவில் ஏதோ அப்டேட் வந்து கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டாள். அப்படியா என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன்.

படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, நீங்களே கிழித்துப் போட்டுவிடுங்கள் என்றாள். யசோதாவுக்கு வேலை உறுதியானது. அப்படி ஒரு படிவம் இருந்தது அவளுக்குத் தெரியாது. புது எடிட்டரை அவளே தேர்ந்தெடுத்தாள். கனமானது, மெதுவாகத் திறக்கும், ஊரெல்லாம் வைத்திருப்பது. என் அட்டவணையில் மூன்றாவதாக வந்தது. இரண்டு நாளில் எல்லாரும் மாறிவிட்டோம். குரலுக்குத் தமிழும் படிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். என் குறிப்புகளை முதல் தடவையாகக் கேட்டுவிட்டு, "சார், ரேடியோல செய்தி வாசிக்கற மாதிரியே இருக்குங்க" என்று சிரித்தாள். வாரம் அஞ்சு வளைவு முடித்தாள்.

எல்லாரிடமும் அவள் சொன்னது, சார்தான் கண்டுபிடிச்சாங்க. அவள் அப்பா பேச ஆரம்பித்துவிட்டாராம். அம்மா செய்தது என்று ஒரு தூக்குப்போசி நிறைய ஒப்புட்டு, சிலர் போளி என்பார்களே, கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். இரண்டு தின்றேன். நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

உதவி அமைப்புக்கு ரேணுகா இதை எழுதினாள். அவர்கள் யாரிடமோ சொல்ல, இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணிக்குச் சென்னையில் ஒரு கூட்டம். எல்லாருக்குமான கருவிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நான் பேச வேண்டும். இரண்டு பேர் வரலாம் என்று எழுதியிருந்தார்கள். யசோதாவுக்கு எதற்கு அலைச்சல், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகிறவள், ஒருவர் போதும் என்று பதில் போட்டேன். ரேணுகாதான் ஸ்லைடு போட்டுக் கொடுத்தாள். நீங்கள் கேட்டபோது நான் திறந்து வைத்திருந்தது அதுதான். மூன்றாவது ஸ்லைடில் "முதல் நாளிலிருந்தே குரலோடு சேர்த்துச் சோதித்தோம்" என்று போட்டிருக்கிறாள். நம்பித்தான் போட்டிருக்கிறாள். நேற்று அதைத் திருத்த உட்கார்ந்தேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று பெரிதாக்கினேன். அவ்வளவுதான் திருத்தினேன்.

அந்தப் படிவத்தை நான் கிழிக்கவில்லை. இந்த மேக் பையில்தான் இருக்கிறது. ஏன் கிழிக்கவில்லை என்று கேட்டால் தெரியாது. மூன்று மாசமாகக் கூடவே வருகிறது.

உங்களுக்கு எடிட்டர்தானே வேண்டும். இரண்டு மூன்று போட்டுப் பாருங்கள், கை எதில் நிற்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மெஷினில் வேறு யாராவது உட்காருவார்களா என்று கேட்டுக்கொண்டு போடுங்கள். நீங்கள் தனியாளாகத்தான் எழுதப் போகிறேன் என்றீர்கள், அப்புறம் என்ன.

ஈரோடு வரப்போகிறது. கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்கிறீர்களா, மேலேயிருந்து என் பையை எடுக்க வேண்டும். கூட்டத்துக்கு வர முடியாது என்று இப்போதுதான் மெசேஜ் போட்டேன். தாராபுரம் வழியாக உடுமலைக்குப் பஸ் இருக்கிறது. யசோதா வீட்டில் போய் உட்கார்ந்து, அந்தப் படிவத்தை முதல் வரியிலிருந்து கையெழுத்து வரைக்கும் நானே அவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டப் போகிறேன்.